வால்வு ஆம்ப்ளிஃபையரில் காசு எங்கே போக வேண்டும்?

தஞ்சை வட்டாரத்தில் கல்யாண வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிராத காலம் ஒன்று இருந்தது. தென்னையிலோ மூங்கில் கழியிலோ கட்டிய குழாய் வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரை பாடும். சத்தம் வரும் திசையில் நடந்தால் பந்தலில் போய் நிற்கலாம். அந்தக் குழாய்க்குப் பின்னால் மைக் செட்காரர் வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபையரின் சக்தி 30 வாட், 50 வாட் என்ற அளவில்தான் இருந்தது. இன்று கடையில் விற்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் அட்டையிலேயே அதைவிடப் பெரிய எண் அச்சாகியிருக்கும். அட்டை எண்களின் நேர்மை ஒருபுறம் இருக்கட்டும். ஊரை நிறைத்த சூட்சுமம் குழாயில் இருந்தது. வீட்டில் வைக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றும், பல சமயம் அதுகூட இல்லை. மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வீட்டு ஸ்பீக்கர் 88 டெசிபல் காட்டும் இடத்தில் நல்ல குழாய் 108 டெசிபல் காட்டும். 20 டெசிபல் வித்தியாசம் என்பது 100 மடங்கு சக்திக்குச் சமம். (அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குழாயில் தாழ்ந்த ஒலிகள் வராது. தவிலின் தொப்பிப் பக்கத்தை மைக் செட் என்றுமே சரியாகச் சொன்னதில்லை.)

வீட்டிலேயே குறைந்த செலவில் வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘எந்த வால்வு நல்லது?’ என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. கையில் உள்ள காசு முதலில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், அடுத்து டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கும் செம்புக்கும். வால்வுக்கு மிச்சம் இருப்பது போதும். இந்த வரிசையில் செலவு செய்ய காவிரி டெல்டாவைப் போல வசதியான இடமும் குறைவு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஸ்பீக்கர். பழைய ரேடியோப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். திருச்சி வானொலி நிலையம் 1939ல் தொடங்கியது. 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் டெல்டா முழுக்கக் கொண்டுபோனதில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்து மின்சார ரேடியோப் பெட்டியைத் திறந்தால், ஒலியைக் கடைசியாகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரே ஒரு வால்வு. 6வி6, இஎல்84 போன்றது. அதிலிருந்து கிடைப்பது மூன்று, நான்கு வாட். கூடத்தையும் திண்ணையையும் அது நிறைத்ததற்குக் காரணம் லேசான காகிதத்தில் செய்த அகலமான ஸ்பீக்கர். இன்றைய சிறிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்று 84 டெசிபல், பழைய மாதிரி அகலமான ஸ்பீக்கர் ஒன்று 96 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 12 டெசிபல் இடைவெளி, அதாவது 16 மடங்கு. முதல் ஸ்பீக்கருக்கு 48 வாட் கொடுத்தால் வரும் சத்தம் இரண்டாவதில் 3 வாட்டிலேயே வந்துவிடும். வால்வில் 48 வாட் எடுப்பது பெருஞ்செலவு. 3 வாட் மலிவு. ஆம்ப்ளிஃபையர் கட்டுவதற்கு முன்பே பாதிக் கணக்கு இங்கே முடிந்துவிடுகிறது.

அடுத்து, வால்வுக்கு ஏன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை என்பது. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கேத்தோடு என்ற சூடான உலோகக் குழல் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றி நிற்கும் பிளேட்டில் 250 வோல்ட் இருப்பதால் அவை அதை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பிச் சுருளான கிரிட், வாய்க்கால் மதகைப் போல, சிறிய மின்னழுத்த மாற்றத்தால் பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த ஓட்டம் மிகச் சிறியது, அழுத்தம்தான் பெரியது. இஎல்84 வால்வில் ஓடுவது 48 மில்லி ஆம்பியர். அது வேலை செய்ய விரும்பும் சுமை சுமார் 5,200 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் நேரடியாக இணைத்தால் சக்தி ஏறக்குறைய ஒன்றும் வராது. நடுவில் 25க்கு 1 என்ற சுற்று விகிதத்தில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நின்று, உயர் அழுத்தச் சிறு ஓட்டத்தைத் தாழ் அழுத்தப் பெரு ஓட்டமாக மாற்றித் தர வேண்டும். பாட்டில் உள்ள ஒவ்வொரு ஒலியும் இந்த இரும்பின் வழியாகத்தான் போயாக வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு இரும்பும் சுற்றுகளும் போதாவிட்டால் மிருதங்கம் மெலியும். சுருள்கள் நெருங்கிப் பின்னாவிட்டால் உச்ச ஒலிகள் மங்கும். எந்த நாட்டு வால்வைச் செருகினாலும் இந்தக் குறை தீராது. 1947ல் பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் வடிவமைப்பு, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த ஒலிப் பிறழ்வைக் காட்டி அந்தக் காலத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் புது வால்வு எதுவும் இல்லை. அவர் கறாராக இருந்தது டிரான்ஸ்ஃபார்மரில்தான்.

இப்போது டெல்டாவுக்கு வரலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊர்க் கடைத்தெருவிலும் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கும். ஆழ்குழாய்க் கிணறும் பம்புசெட்டும் பெருகிய வயல்காட்டில் மோட்டார் எரிவது அன்றாட நிகழ்ச்சி. எரிந்ததை அவிழ்த்து, எனாமல் செம்புக் கம்பியை எடைபோட்டு வாங்கி, காப்புக் காகிதம் வைத்து, சுற்றி, வார்னிஷில் தோய்த்து உலர்த்தும் கை அங்கே பழகியிருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுபவரும் பக்கத்திலேயே இருப்பார். வால்வை எந்த ஊரிலும் வீட்டில் செய்ய முடியாது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது; இன்று புது வால்வு வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்றுதான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்கு தேட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் ஊரிலேயே செய்யலாம். செலவில் பெரும் பங்கு எதற்கோ, ஒலியின் தரம் எதைச் சார்ந்ததோ, அதைச் செய்யும் தொழில் தெருக்கோடியில் இருக்கிறது.

மோட்டார் கட்டுபவர் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் கட்டிவிட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மோட்டாரில் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், இங்கே தலைமுடிபோன்ற கம்பியில் ஆயிரக்கணக்கில். ஆனால் இதற்குத் தேவைப்படுவது புதுக் கலை இல்லை, தெளிவான குறிப்பு. ஒரு இஎல்84 வால்வுக்கு எழுதிக் கொடுப்பதானால்: இரும்புத் தகட்டின் நடுக்கால் ஒரு அங்குல அகலம், தகடு அடுக்கு ஒன்றேகால் அங்குலம், முதன்மைச் சுருள் 37 கேஜ் கம்பியில் 3,000 சுற்று, ஸ்பீக்கர் பக்கம் 22 கேஜில் 118 சுற்று. முதன்மைச் சுருளை ஒரே மூச்சில் முடிக்காமல் 1,500 சுற்றோடு நிறுத்தி, மேலே ஸ்பீக்கர் சுருளைச் சுற்றி, அதன் மேல் மீதி 1,500 சுற்ற வேண்டும். உச்ச ஒலிகள் தப்புவது இந்த இடைச்செருகலால்தான். கம்பிச் செலவு கூடாது, கூடுவது உழைப்பு மட்டும். இன்னொன்று, முதன்மைச் சுருளில் 48 மில்லி ஆம்பியர் நேர் மின்னோட்டம் ஓயாமல் ஓடும். வழக்கம்போல இ (E) வடிவத் தகடுகளையும் ஐ (I) வடிவத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் அந்த ஓட்டமே இரும்பைக் காந்தத்தால் நிரப்பிவிடும், பாட்டுக்கு இடமிருக்காது. ஆகவே இ தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகள் எல்லாம் மறுபக்கம், நடுவில் சாதாரண நோட்டுத்தாள் ஒன்று. ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் தாள் இரும்பைக் காப்பாற்றுகிறது. இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம்.

சுற்றவே வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்கு வழிகளும் உண்டு. 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் ஏறக்குறைய அதே 25க்கு 1. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களில் சுமையில்லாதபோது 9 வோல்ட் 11 வரை ஏறுவதுண்டு. எனவே எழுதியிருப்பதை நம்பாமல் மீட்டரில் பார்த்து வாங்க வேண்டும். மைக் செட் கடைகளில் குழாய்களுக்குப் போடும் 100 வோல்ட் லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரும் உதவும்: அதில் 2 வாட் முனை 5,000 ஓம் சுமையாகத் தெரியும், 5 வாட் முனை 2,000 ஓம். இவை இரண்டும் வேலை செய்யும், ஆனால் அந்தத் தாள் தரும் காற்றிடைவெளி இல்லாததால் ஒற்றை வால்வுச் சுற்றில் தாழ்ந்த ஒலி நொறுங்கும். தகட்டைப் பிரித்து மறுபடி அடுக்கினால் ஓரளவு தேறும். பழகிப் பார்க்க இவை போதும். முடிந்த ஆம்ப்ளிஃபையரில் வைத்துக்கொண்டு அதன் தரத்தை வால்வின் தலையில் ஏற்றக் கூடாது.

ஒற்றை வால்வா, எதிரெதிர் ஜோடியா என்ற கேள்வியில்தான் வடிவமைப்புகள் உண்மையாகவே பிரிகின்றன. ஒற்றை இஎல்84 உச்சத்தில் 5.7 வாட் தரும் என்று தயாரிப்பாளர் குறிப்பு சொல்கிறது. அந்த உச்சத்தில் பிறழ்வு 10 சதவீதம் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. மல்லார்ட் நிறுவனம் 1950களில் வீட்டில் கட்டுபவர்களுக்காக வெளியிட்ட ‘3-3’ சுற்று மூன்று வால்வு, மூன்று வாட் என்று அடக்கமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ‘5-10’ ஐந்து வால்வில், இரண்டு இஎல்84 வால்வுகளை எதிரெதிராக ஓட்டி 10 வாட் எடுத்தது. ஒருவர் தள்ள மற்றவர் இழுக்கும் இந்த முறையில் இரண்டு வால்வுகளின் நேர் மின்னோட்டமும் இரும்புக்குள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. தாள் வைக்க வேண்டாம், அதே இரும்பு அதிகம் உழைக்கும், மின்வழங்கியின் இரைச்சலும் பெருமளவு அடங்கும். வால்வு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒற்றை வால்வே மலிவு என்று முடிவு கட்டுபவர்கள் இரும்பின் விலையை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கணக்கு நேராக வருவது மூன்றாவது ஒரு வழியில். ஐரோப்பிய டிவிக்காகச் செய்த பிசிஎல்86 வால்வில் சிறு பெருக்கியும் பெரும் பெருக்கியும் ஒரே குமிழுக்குள் இருக்கின்றன. இரண்டு குமிழ் போட்டால் ஒரு முழு எதிரெதிர்ச் சுற்று, சுமார் 10 வாட். கேத்தோடைச் சூடாக்கும் இழைக்கு 13.3 வோல்ட் கேட்பதால் இதைச் சீந்துவார் குறைவு. புகழ்பெற்ற பெயர்களைப் போல விலை ஏறாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

பத்து வாட் எதற்கு என்று தவில் சொல்லும். 90 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 80 டெசிபல் சராசரியாகக் கேட்க பத்தில் ஒரு வாட் போதும். ஆனால் தவிலின் வலந்தலையில் விழும் அடி சராசரியைவிட 15 டெசிபல் எழும்பினால் அந்தக் கணத்துக்கு 3 வாட்டுக்கு மேல் வேண்டும். ஒற்றை வால்வுச் சுற்று சரியாக விளிம்பில் நிற்கும். அடுத்த அடி கொஞ்சம் ஓங்கினால் அலையின் தலை வெட்டுப்படும். மேடைப் பாடகருக்கும் வீணைக்கும் 3 வாட் தாராளம். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரமும் ஜோடித் தவிலும் கேட்க விரும்புகிறவர் 10 வாட் கட்டலாம், அல்லது 96 டெசிபல் ஸ்பீக்கர் தேடலாம். இரண்டில் பின்னது பெரும்பாலும் மலிவு.

வால்வு ஒலி இதமானது, அந்த இதத்துக்குத்தானே இவ்வளவு பாடும், வால்வுக்கு வால்வு குணம் வேறில்லையா என்பார்கள். இதம் கற்பனை இல்லை. ஆனால் அதன் ஊற்று வேறு. ஒற்றை வால்வின் பிறழ்வில் முந்தி நிற்பது இரண்டாம் மடங்கு, அதாவது வாசிக்கும் சுரத்தின் மேல் ஸ்தாயி. எதிரெதிர்ச் சுற்றில் அது ரத்தாகி மூன்றாம் மடங்கு மிஞ்சும். ஷட்ஜத்தை வாசித்தால் அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் கேட்பதை அறிந்த ஊர் தஞ்சாவூர். அந்தக் காந்தாரம் ஐந்தாம் மடங்கு. ஒலியோடு ஒட்டிப் பிறக்கும் மடங்குகள் சுரத்தைக் கனமாக்குகின்றன, அபசுரமாக ஒலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் தனித் தந்திக்கு உதவும் இந்த இரக்கம் கச்சேரிக்கு உதவாது. குரலும் வயலினும் மிருதங்கமும் சேரும்போது பிறழ்வு அவற்றின் கூட்டல் கழித்தல் ஒலிகளையும் பிறப்பிக்கிறது. அவை எந்தச் சுருதியிலும் சேராது. போதாக்குறைக்கு, பின்னூட்டம் குறைவான வால்வுச் சுற்றின் வெளியீட்டுத் தடை அதிகம். ஸ்பீக்கரின் 8 ஓம் எல்லா ஒலிக்கும் 8 ஓம் இல்லை. தன் இயல்பு அதிர்வில் பல மடங்கு ஏறும். தடை அதிகமான ஆம்ப்ளிஃபையர் அந்த இடத்தில் கூடுதல் அழுத்தம் கொடுத்துத் தாழ்ந்த ஒலியைப் புடைக்கச் செய்யும். ‘வால்வின் குணம்’ என்று சொல்லப்படுவதில் நிறைய இந்தப் புடைப்புதான். அது சுற்றும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்வது. குமிழின் மேல் அச்சடித்த பெயர் செய்வதில்லை.

ஆகவே ஒப்பிடுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். இரண்டில் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே காதுக்குப் படும். எனவே முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். கைப்பேசியில் 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். பிறகு ஒருவர் மறைவில் மாற்ற, இன்னொருவர் எது என்று சொல்ல வேண்டும், எதைப் போடுவது என்பதை நாணயம் தீர்மானிக்க வேண்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தால் அப்படி நேர வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. வித்தியாசம் காதுக்குத் தெரிகிறது என்று நம்பலாம். காதை அவமதிப்பதாக இதை எதிர்ப்பவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ராகத்தைக் கண்டுபிடிப்பதைப் பெருமையாக நினைக்கும் ஊரில் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் கண் ஏன் தேவைப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அபாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தை நேர் மின்சாரமாகத் திருத்தினால் உச்சம் 325 வோல்ட். செலவைக் குறைக்கிறேன் என்று மின்வழங்கி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக லைனிலிருந்து எடுப்பது கொலைக்குச் சமம். இரண்டு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்களை முதுகோடு முதுகாக வைத்தால் தனிமைப்படுத்திய உயர் அழுத்தமும் கிடைக்கும், இழைக்குரிய மின்சாரமும் கிடைக்கும், மலிவும் கூட. மின்தேக்கிகளின் குறுக்கே மின்தடை ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும், சேசிஸ் எர்த்தாக வேண்டும். குறுவைச் சாகுபடிக்குப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்சாரம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் 6.3 வோல்ட் இழைக்கு 5.2 தான் வரும். அனுமதி பத்து சதவீதம் என்பதால் அந்த நேரத்தில் ஓட்டுவது கேத்தோடின் ஆயுளைக் குறைக்கும். வீட்டு ஸ்டெபிலைசருக்கு இங்கே வேலை உண்டு.

கடைசி ஆட்சேபணைதான் கனமானது. டிடிஏ2030 போன்ற ஒரு சிறு ஐசி, ஒரு வால்வின் விலையில் சின்னப் பங்குக்கு, அரை சதவீதப் பிறழ்வில் சுமார் 14 வாட் தருகிறது. தமிழ்நாட்டில் அசெம்பிள் செட் கட்டும் ஆயிரம் கைகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு ஒற்றை இஎல்84 வைத்த ஸ்டீரியோ செட் பாடாமல் சும்மா இருந்தாலே சுமார் 45 வாட்டை விழுங்கி, சித்திரை வெயிலில் அறையை இன்னும் சூடாக்கும். ரூபாய்க்கு எத்தனை தெளிவான வாட் என்று மட்டும் கேட்டால் வால்வு தோற்கும். இதை மறுப்பவர் எதையோ விற்கிறார். ஆனால் அந்த ஐசியை எதிரியாகப் பார்ப்பதற்குப் பதில் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு ஐசி செட்டைக் கட்டி, மறைவுச் சோதனையில் வால்வுக்கு எதிரே நிறுத்துங்கள். வால்வு செட் மங்கலாகவோ மெலிந்தோ ஒலித்தால், வால்வை மாற்றிப் பணம் செலவழிப்பதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். ஐசி எரிந்தால் குப்பைக்குப் போகும். சரியாக வராத டிரான்ஸ்ஃபார்மர் காயில் கடைக்குத் திரும்பிப் போகும். அதே தகடு, அதே பாபின், முதன்மைச் சுருளை மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்றாகப் பிரித்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம். அவிழ்த்த பழைய கம்பியையும் அவர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.